உண்மையில் அளந்தது எதை? உயிரியல் ஆய்வறிக்கையின் அச்சாணி

மலேசியாவின் பினாங்கில், இடைநிலைப்பள்ளியின் கடைசி ஆண்டுகளான படிவம் நான்கு, ஐந்து படிக்கும் பிள்ளைகளிடம் உயிரியல் ஆய்வறிக்கையின் தலைப்புகளைக் கேட்டுப் பாருங்கள். நோக்கம், சிக்கல் கூற்று, கருதுகோள், மாறிகள், பொருள்களும் கருவிகளும், செய்முறை, தரவு, கலந்துரையாடல், முடிவு என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். தமிழ்ப்பள்ளியிலிருந்து போன பிள்ளை என்றால் தற்சார்பு மாறி (நாம் மாற்றுவது), சார்பு மாறி (அதனால் மாறுவது, நாம் அளப்பது), கட்டுப்படுத்தப்பட்ட மாறி (மாறாமல் வைப்பது) எல்லாம் தொடக்கப்பள்ளி அறிவியலிலேயே கரைத்துக் குடித்தவை. படிவம் ஒன்றில் மலாய்க்கு மாறும்போது பெயர்கள் மாறுகின்றன, சரக்கு அதேதான். ஆக, தலைப்பு தெரியாததால் மதிப்பெண் போவதில்லை. ஒரு தலைப்பின் கீழ் எழுதியது அடுத்த தலைப்பின் கீழ் எழுதியதோடு பேசாமல் இருப்பதால்தான் போகிறது.

கருதுகோளில் "நொதியின் செயல்பாடு" என்று இருக்கும். அட்டவணையில் "நேரம்" இருக்கும். வரைபடத்தில் "வேகம்" இருக்கும். முடிவில் "செரிமானம்" வந்து உட்கார்ந்திருக்கும். நான்கு இடத்தில் நான்கு பொருள். நான்கும் ஒன்றுதான் என்று எழுதிய பிள்ளைக்கு மனத்துக்குள் தெரியும். தாளில் அதற்குச் சாட்சி இல்லை.

இந்த நான்கையும் ஒரு கயிற்றில் கட்டும் வாக்கியத்துக்குச் செயல்நிலை வரையறை என்று பாடத்தில் பெயர் உண்டு. பலரும் அதை ஒரு மதிப்பெண் கேள்வியாக நினைத்து, கடைசியில் அவசரமாக ஒரு வரி எழுதி முடிக்கிறார்கள். என் கணக்கில் முழு அறிக்கையும் அதன் மேல்தான் நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கண்ணுக்குத் தெரியும் எதைக் கொண்டு அளந்தோம் என்று சொல்லும் வாக்கியம் அது. அது தெளிவாக இருந்தால் மற்றத் தலைப்புகள் பாதி வேலையைத் தாமே செய்துகொள்ளும்.

அமிலேஸ் சோதனையையே எடுத்துக்கொள்வோம்

அமிலேஸ் என்பது உமிழ்நீரில் இருந்து மாவுச்சத்தைச் சிதைக்கும் நொதி, அதாவது வினையை விரைவுபடுத்தும் புரதம். வெப்பநிலை அதை எப்படிப் பாதிக்கிறது என்பது நம் பள்ளி ஆய்வுக்கூடங்களில் காலங்காலமாகச் செய்யப்படும் சோதனை. ஒரு விழுக்காட்டு மாவுச்சத்துக் கரைசல், உமிழ்நீர், வெவ்வேறு வெப்பநிலையில் வாட்டர் பாத், வெள்ளை ஓட்டின் குழிகளில் அயோடின் துளிகள். ஒவ்வொரு நிமிடமும் ஒரு துளி எடுத்து அயோடினில் விட வேண்டும். கருநீலம் வந்தால் மாவுச்சத்து இன்னும் இருக்கிறது. அயோடின் தன் மஞ்சள் பழுப்பு நிறத்திலேயே நின்றுவிட்டால் மாவுச்சத்து தீர்ந்துவிட்டது.

இங்கே எவரும் நொதியைப் பார்க்கவில்லை, மாவுச்சத்து சிதைந்து மால்ட்டோஸ் என்ற சர்க்கரை உருவாவதையும் பார்க்கவில்லை. பார்த்தது, கருநீல நிறம் வராமல் போக எடுத்த நேரத்தை மட்டும். அந்த நேரத்தை t என்று வைத்து, 1/t என்பதை வேகமாகக் கொள்கிறோம். "அமிலேஸின் வினைவேகம் என்பது, மாவுச்சத்துக் கலவை அயோடினோடு கருநீலம் தராமல் போக எடுக்கும் நேரத்தின் தலைகீழ் மதிப்பு" என்று ஒரு வரி எழுதிவிட்டால் அட்டவணையில் என்னென்ன நெடுவரிசை வேண்டும் என்பது தெரிந்துவிடும்: வெப்பநிலை, மறுசோதனைகளின் நேரங்கள், சராசரி நேரம், 1/t. வரைபடத்தின் நிலை அச்சும் தீர்ந்தது. கலந்துரையாடலில் எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்பதும் தீர்ந்தது.

கருதுகோளில் நம் பிள்ளைகள் வழுக்குவது "கூடக்கூட" என்ற பழக்கத்தால். ஒன்று கூடினால் மற்றதும் கூடும் அல்லது குறையும் என்று வாய்ப்பாடாகப் பழகியதால், வெப்பநிலை கூடக்கூட நொதியின் வேகமும் கூடும் என்று எழுதிவிட்டு, அடுத்த பக்கத்தில் ஏறி இறங்கும் வளைகோட்டை வரைந்துவைக்கிறார்கள். வெப்பநிலை உயரும்போது மூலக்கூறுகள் வேகமாக இயங்குகின்றன, நொதியும் மாவுச்சத்தும் அடிக்கடி மோதுகின்றன, வேகம் ஏறுகிறது. ஓர் எல்லைக்கு மேல் நொதிப் புரதத்தின் வடிவத்தைப் பிடித்துவைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் அறுபடுகின்றன, செயல்மையத்தின் வடிவம் குலைகிறது, மாவுச்சத்து அதில் பொருந்துவதில்லை. எனவே கருதுகோளும் ஏறி இறங்க வேண்டும்: உகந்த வெப்பநிலை வரை வேகம் கூடும், அதைத் தாண்டினால் குறையும். காரணத்தைப் பின்புலத்தில் இரண்டு மூன்று வரியில் சொல்லிவிட்டால் போதும். நொதியின் வரலாறு, நொதி வகைகளின் பட்டியல் என்று பாடநூலை இறக்கிவைக்கத் தேவையில்லை.

கருவிகளின் பட்டியலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அளவும் செறிவும் எழுதினால் சரி.

செய்முறையில்தான் ஊர் தெரிய வேண்டும். "அறை வெப்பநிலை" என்று நூல்கள் பொதுவாகச் சொல்லும்; குளிர்நாட்டு நூல் என்றால் அது 20, 25 பாகை. நம் ஆய்வுக்கூடத்தில் காற்றாடி ஓடினாலும் வெப்பமானி 28, 30 என்று காட்டும். அந்த எண்ணைப் பார்த்து எழுத வேண்டும். இதில் இன்னொரு சிக்கல் மறைந்திருக்கிறது. மாவுச்சத்தையும் உமிழ்நீரையும் வெளியிலேயே கலந்து, பிறகு சோதனைக் குழாயைப் பனிக்கட்டி நீரில் வைத்தால், அது குளிர்வதற்குள் வினை பாதி நடந்து முடிந்திருக்கும். நம் ஊர்ச் சூடே அமிலேஸுக்குத் தோதான சூடு. இரண்டையும் தனித்தனிக் குழாய்களில் அந்தந்த வாட்டர் பாத்தில் ஐந்து நிமிடம் வைத்து, அதன் பிறகு கலக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடம் செய்முறையில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்தாலே, சோதனையைப் புரிந்து செய்த பிள்ளை யார், பார்த்து எழுதிய பிள்ளை யார் என்று பிடித்துவிடலாம்.

கட்டுப்படுத்தப்பட்ட மாறியும் கட்டுப்பாட்டுச் சோதனையும் அடிக்கடி ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. உமிழ்நீரின் கன அளவு, மாவுச்சத்தின் செறிவு, பி.எச். (அமிலத்தன்மையின் அளவு) ஆகியவை மாறாமல் வைக்கப்படுபவை. கொதிக்கவைத்து ஆறவைத்த உமிழ்நீரை மாவுச்சத்தோடு சேர்த்து ஒரு குழாய் வைப்பது கட்டுப்பாட்டுச் சோதனை. மாவுச்சத்து தானாகக் கரைந்து போகவில்லை, உயிர்ப்புள்ள நொதிதான் காரணம் என்று சொல்ல அது இல்லாமல் முடியாது. முன்னதை எழுதிவிட்டுப் பின்னதை விட்டுவிட்ட அறிக்கைகள் ஏராளம்.

அட்டவணை பேசாத ரகசியம்

ஒரு சின்ன விஷயத்தை முதலில் தள்ளிவிடுகிறேன். ஒரு நிமிடம் முப்பது விநாடியை 1.30 என்று எழுதி, அப்படியே கால்குலேட்டரில் தட்டிச் சராசரி எடுப்பது. அது 1.5 நிமிடம். நேரத்தை விநாடியிலேயே எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. அலகை நெடுவரிசையின் தலையில் ஒருமுறை போட்டால் போதும். ஒரே நெடுவரிசையில் எல்லா எண்ணுக்கும் தசம இடங்கள் ஒரே எண்ணிக்கையில் இருக்கட்டும்.

இனி முக்கியமானது. நிமிடத்துக்கு ஒருமுறை துளி எடுத்தால் நாம் எழுதும் நேரம் எவ்வளவு உண்மை? 37 பாகையில் முதல் நிமிடத் துளி கருநீலம், இரண்டாம் நிமிடத் துளியில் நிறமில்லை என்று வையுங்கள். அட்டவணையில் 2 நிமிடம் என்று எழுதுவோம். ஆனால் மாவுச்சத்து தீர்ந்தது ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம். அப்படியென்றால் வேகம் நிமிடத்துக்கு 0.5 ஆகவும் இருக்கலாம், 1-ஐ ஒட்டியும் இருக்கலாம். இரண்டு மடங்கு வித்தியாசம். மந்தமான குழாயில் எட்டாம் நிமிடத்தில் நிறம் போனால், உண்மையான நேரம் ஏழுக்கும் எட்டுக்கும் இடையில், வேகம் 0.143-க்கும் 0.125-க்கும் இடையில். வித்தியாசம் சொற்பம். ஆக, வரைபடத்தின் உச்சி, எல்லாரும் விரல் வைத்துக் காட்டும் அந்த இடம்தான் நமக்கு மிகக் குறைவாகத் தெரிந்த இடம்.

இதைக் கண்டுபிடித்து எழுதும் பிள்ளை அறிக்கையின் மதிப்பீட்டுப் பகுதியை வென்றுவிட்டது. திருத்தமும் அதிலிருந்தே பிறக்கும்: துளி எடுக்கும் இடைவெளியை 20 விநாடியாகச் சுருக்கலாம், அதைவிட நல்லது, உமிழ்நீரை நீர்த்து எல்லாக் குழாய்களிலும் வினையையே மெதுவாக்குவது.

60 பாகைக் குழாயில் பத்து நிமிடம் ஆகியும் நிறம் போகவில்லை என்றால் என்ன எழுதுவது? சிலர் 10 என்று எழுதுகிறார்கள், அது பொய். சிலர் கோடு இழுத்துவிடுகிறார்கள், அது ஒளிப்பு. "10 நிமிடத்துக்கு மேல்" என்பதே நாம் பார்த்தது. வேகம் 0.1-ஐவிடக் குறைவு என்று சொல்லலாம். வரைபடத்தில் சுழியத்தில் புள்ளி வைத்தால், ஏன் வைத்தோம் என்று கீழே ஒரு வரி போட வேண்டும்.

பனிக்கட்டிக் குழாயும் பெரும்பாலும் இதே பதிலைத் தரும். அட்டவணையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், காரணம் வேறு. குளிரில் நொதி மந்தமாகிக் கிடக்கிறது. 60 பாகையில் உருக்குலைந்துவிட்டது. இதைப் பாடநூலைப் பார்த்து எழுதலாம், சோதித்தும் எழுதலாம். இரண்டு குழாய்களையும் எடுத்து 37 பாகைக்குக் கொண்டுவந்து மறுபடி துளி எடுங்கள். பனிக்கட்டியில் இருந்தது விழித்துக்கொள்ளும், வெந்தது விழிக்காது. பத்து நிமிட வேலைதான். ஆனால் கலந்துரையாடலில் "நொதி உருக்குலைந்தது" என்ற சொல்லை இரவல் வாங்காமல் எழுத அது உரிமை தருகிறது.

மறுசோதனை பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே பிள்ளையின் உமிழ்நீரை மூன்று குழாயில் ஊற்றினால் அது மூன்று மனிதர்கள் ஆகாது. நம் கைப்பழக்கம் எவ்வளவு சீராக இருக்கிறது என்பதைத்தான் அந்த மூன்று எண்கள் சொல்லும். "மனித அமிலேஸின் உகந்த வெப்பநிலை" என்று முடிவில் பெரிதாக எழுத அது போதாது.

தண்ணீர்மலைப் பக்கம் ஒரு மரம்

செயல்நிலை வரையறை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே இன்னும் கறாராக வேலை வாங்கும். மரப்பட்டையில் பச்சையாகப் படரும் ப்ளூரோகாக்கஸ் பாசியின் பரவலைக் குவாட்ராட் என்ற கட்டமிட்ட சதுரச் சட்டம் வைத்து எண்ணுவது பள்ளிகளில் வழக்கமான களப்பணி. ஜார்ஜ்டவுன் பிள்ளைகளுக்கு 1884-இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவைவிட நல்ல இடம் கிடைக்காது. தைப்பூசத்துக்கு நடந்து போகிற தண்ணீர்மலைக் கோயிலிலிருந்து கூப்பிடு தூரம்.

மரத்தின் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்குப் பக்கங்களில் பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் சட்டத்தை வைத்து, நூறு கட்டங்களில் பாதிக்கு மேல் பச்சையாக இருப்பவற்றை எண்ணினால் பரப்பு விழுக்காடு கிடைக்கும். இதுவரை நேர்த்தி. கருதுகோளில்தான் வம்பு. நிழலான ஈரமான பக்கத்தில் பாசி அதிகம், ஆகையால் வடக்குப் பக்கத்தில் அதிகம் என்று எங்கிருந்தோ எடுத்து எழுதுகிறார்கள். அது ஐரோப்பாவில் சரி. அங்கே சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்துதான் போகும். பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 5.4 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் இரண்டாம் வாரம் வரை நம் நண்பகல் சூரியன் வடக்கே நிற்கிறது. மற்ற மாதங்களில் தெற்கே. வடக்குப் பக்கம் என்பதற்கும் நிழல் என்பதற்கும் இங்கே நிரந்தர உறவு கிடையாது. போதாததற்குப் பூங்கா மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருக்கிறது. மலை மறைக்கும் வெயில் வேறு, பக்கத்து மரம் மறைக்கும் வெயில் வேறு.

எனவே திசை என்பது தற்சார்பு மாறிக்குப் பதிலாள்தான். உண்மையான மாறி ஒளிச்செறிவு என்றால் அதை மரப்பட்டைக்கு அருகே ஒளியை அளக்கும் லக்ஸ் மீட்டர் வைத்து, ஒரே நேர இடைவெளிக்குள் அளக்க வேண்டும். தேதியும் நேரமும் வானிலையும் அறிக்கையில் இருக்க வேண்டும். அப்படி அளந்தால் வரைபடமும் மாறும். நான்கு திசைகளுக்குப் பட்டை வரைபடம்தான் போட முடியும். ஒளிச்செறிவை எண்ணாக எடுத்தால் புள்ளிகளை இட்டு, அவற்றின் போக்கைப் பார்க்கலாம். ஒரே மரத்தில் நாற்பது சட்டம் வைத்தாலும் அது ஒரு மரம்தான் என்பதையும் மறக்க வேண்டாம். பல மரங்கள் வேண்டும், ஒவ்வொன்றிலும் சட்டத்தின் உயரம் தரையிலிருந்து ஒன்றாக இருக்க வேண்டும்.

கலந்துரையாடலும் அதன் பழைய பாவமும்

"பேரலாக்ஸ் பிழை ஏற்பட்டிருக்கலாம். கண்ணை அளவுகோலுக்கு நேராக வைக்க வேண்டும்." அமிலேஸ் ஆனாலும், பாசி ஆனாலும், ஈஸ்ட் ஆனாலும் இந்த இரண்டு வரி வந்துவிடும். சேலை மாறினாலும் அதே ஊசி நூல். நிறம் மாறும் நேரத்தை நிறுத்துக்கடிகாரத்தில் பார்த்த சோதனையில், அளவுகோலைச் சாய்வாகப் பார்ப்பதால் வரும் பேரலாக்ஸுக்கு என்ன வேலை? உமிழ்நீரை அளந்த சிரிஞ்சில் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் ஒரு நிமிட இடைவெளி தந்த பிழைக்கு முன் அது தூசு.

எந்தப் பிழை, எண்ணை எந்தப் பக்கம் தள்ளும், எவ்வளவு தள்ளும் என்ற மூன்றுக்கும் பதில் இருந்தால்தான் அதை எழுதுவதில் பொருள். அயோடினை ஓட்டில் வைக்காமல் 60 பாகைக் குழாய்க்குள்ளேயே விட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாவுச்சத்து அயோடின் கருநீலம் சூட்டில் வெளிறும். மாவுச்சத்து இருந்தும் இல்லாததுபோலத் தெரியும். நேரம் குறைந்து, வேகம் கூடுதலாகக் காட்டும். இப்படி எழுதினால் அது மதிப்பீடு. "மனிதத் தவறு நேர்ந்திருக்கலாம்" என்பது மதிப்பீடு அல்ல, மன்னிப்புக் கடிதம்.

முடிவிலும் அளவறிந்து பேச வேண்டும். 28, 37, 45 என்று மூன்று வெப்பநிலையில் செய்து 37-இல் உச்சம் வந்தால், "உகந்த வெப்பநிலை 37" என்று எழுதத் தோன்றும். நூலிலும் அப்படித்தான் இருக்கிறது. நம் தரவு சொல்வது அதுவல்ல. உச்சம் 28-க்கும் 45-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது, நாம் சோதித்தவற்றில் 37 அதிகம். அதை அப்படியே எழுதிவிட்டு, 33, 35, 39, 41 என்று நெருக்கிச் சோதிக்கலாம் என்று சேர்த்தால், அது வெறும் அடக்கம் என்று எவரும் நினைக்கமாட்டார்கள்.

தேர்வு முறைகளும் இந்தப் பக்கம்தான் நகர்ந்திருக்கின்றன. படிவம் ஐந்தின் முடிவில் எழுதும் எஸ்.பி.எம். அரசுத் தேர்வின் உயிரியல் மூன்றாம் தாள் 2021 முதல் ஆய்வுக்கூடத்தில் நேரில் செய்யும் செய்முறைத் தேர்வாகிவிட்டது. மனப்பாடம் செய்த அறிக்கையை இறக்கிவைக்க இடம் குறைந்துவிட்டது. அனைத்துலகப் பள்ளிகளில் ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) எடுக்கும் பிள்ளைகளுக்கு 2025 தேர்விலிருந்து நடப்பில் உள்ள முறையில் உள்மதிப்பீட்டு அறிக்கை 3,000 சொல்லுக்குள் அடங்க வேண்டும். ஆய்வு வடிவமைப்பு, தரவுப் பகுப்பாய்வு, முடிவு, மதிப்பீடு ஒவ்வொன்றுக்கும் 6, ஆக 24. முடிவுக்கும் மதிப்பீட்டுக்கும் மட்டுமே பாதி மதிப்பெண். நம் பிள்ளைகள் கடைசி இரவில் பத்து நிமிடத்தில் எழுதும் பகுதிகள் அவை.

எந்த வரிசையில் எழுதுவது

படிக்கிறவருக்கு உரிய வரிசை வேறு, எழுதுகிறவருக்கு உரிய வரிசை வேறு. 1960-இல் நோபல் பெற்ற உயிரியலாளர் பீட்டர் மெடவார், 1963-இல் பி.பி.சி. வானொலியில் பேசியபோது, அறிவியல் கட்டுரையின் வடிவமே விஞ்ஞானி எப்படிச் சிந்தித்தார் என்பதைத் திரித்துக் காட்டுகிறது என்று வாதிட்டார். நியாயமான குற்றச்சாட்டு. தடுமாறியது, குழாய் உடைந்தது, திரும்பச் செய்தது எல்லாம் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் தேதியோடு இருக்கட்டும். அறிக்கையில் வேண்டியது வாதம். ஆனால் ஒதுக்கிய அளவீடு ஏதாவது இருந்தால், ஒதுக்கியதையும் காரணத்தையும் அறிக்கையிலேயே சொல்லிவிட வேண்டும். மறைத்து அழகாக்கிய அட்டவணையை அனுபவமுள்ள ஆசிரியர் ஒரு பார்வையில் கண்டுகொள்வார். மூன்று மறுசோதனையும் நூல் பிடித்ததுபோல ஒரே எண்ணில் நின்றால் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

நான் பிள்ளைகளுக்குச் சொல்வது, சோதனைக்கு முன்பே செயல்நிலை வரையறையையும் வெற்று அட்டவணையையும் போட்டுவிடு என்று. கட்டத்தில் எந்த எண் விழும் என்று தெரியாமல் தீக்குச்சி உரசக்கூடாது. செய்முறையை, செய்த அன்றே, கை இன்னும் நினைவு வைத்திருக்கும்போது இறந்தகாலத்தில் எழுதிவிட வேண்டும். பிறகு வரைபடம், கலந்துரையாடல், முடிவு. பின்புலம் அதற்கும் பிறகு, ஏனென்றால் கலந்துரையாடலில் எந்தக் கருத்து தேவைப்பட்டதோ அது மட்டும்தான் பின்புலத்தில் இருக்க வேண்டும்.

தலைப்பு எல்லாவற்றுக்கும் கடைசியில். "நொதிகள் பற்றிய ஆய்வு" என்று மேலே எழுதியிருந்தால் அடித்துவிட்டு, "5 முதல் 60 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பநிலை, உமிழ்நீர் அமிலேஸ் மாவுச்சத்தைச் சிதைக்கும் வேகத்தை எவ்வாறு பாதிக்கிறது: அயோடின் சோதனையில் நிறம் மறையும் நேரத்தைக் கொண்டு ஓர் அளவீடு" என்று எழுதலாம். நீளம்தான், இருக்கட்டும்.